கத்திரிக்காய்க்குள் யாரும் இல்லை

1

இந்தக் கதை பூ வைக்க நின்ற ஒரு வரிசையில் பிறந்தது. எங்கள் நகராட்சியின் பொம்மை நாசுமாரு, ஆள் உள்ளே புகுந்து ஆடும் கத்திரிக்காய் வேடம், கோடைத் திருவிழாவில் மயங்கி விழுந்தது. ஊரே அதற்குப் பூ வைத்து அழுதது. எனக்கு முன்னால் நின்ற பக்கத்து வீட்டு அம்மா சுமியே மட்டும் அழவில்லை. உள்ளே இருந்து செத்தது அவர் மகன் கோஹெய்.

(முதல் பத்தியிலேயே ரகசியத்தை உடைத்துவிட்டேன், வாசகரே. கத்திரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆக வேண்டும் என்பார்கள். எங்கள் ஊரில் வரவில்லை.)

2

வேறு தொடக்கம்: அன்று வெயில் கொளுத்தி...

வேண்டாம். பழியை வெயில் மேல் போட்டால் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள்.

நாசுமாரு முதலில் வந்தபோது ஊர் சிரித்தது. "கத்திரிக்காயா இது? கதவுல நசுங்கின கட்டைவிரல் மாதிரில்ல இருக்கு!" அந்தக் கேலியில்தான் அது பிரபலமானது. விழுந்தபோதும் சிரித்தார்கள்.

"என்னமா நடிக்குது பாரு!"

கைபேசிகள் உயர்ந்தன. உடன் வந்த நகராட்சிப் பெண் மினேகோ பொம்மைத் தலையைக் கழற்றவில்லை. பொம்மைக்குள் ஆள் இல்லை என்பது விதி, குழந்தைகள் முன் கழற்றக் கூடாது. திரைக்குப் பின்னால் இழுத்துப் போன பிறகுதான் கழற்றினாள்.

(அவளைக் கெட்டவளாக்கப் பார்த்தேன். ஆனால் இழுக்கும்போது அவள் அழுதுகொண்டே கூட்டத்துக்குக் கையாட்டி... இதை முடிக்க எனக்கு மனமில்லை.)

3

'நாசுமாரு ஓய்வெடுக்கிறான்' என்று அறிவிப்புப் பலகை வைத்தார்கள். சுமியே அதிகாரியிடம் போனார். துணைக்கு நானும் போனேன்.

"அதுல எம்மவன் பேர எழுதுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"அம்மா, உள்ள ஆளே இல்லன்னுதானே சொல்லிட்டு வர்றோம். பிள்ளைங்க மனசு உடைஞ்சிடும்."

"ஆளே இல்லன்னா நான் யாரைய்யா எரிச்சிட்டு வந்தேன்?"

அதிகாரி இடுப்பு வளைய வணங்கினார். நாங்கள் வெளியேறும்வரை நிமிரவில்லை.

4

முடிவு ஒன்று: பலகையில் பெயர் எழுதப்படுகிறது. (பொய்.)

முடிவு இரண்டு: மினேகோ ஒலிபெருக்கியில் அந்தப் பெயரைச் சொல்கிறாள். (அவளுக்கு வேலை வேண்டும்.)

நடந்தது இது. இறந்தவர்கள் வீட்டுக்கு வந்துபோகும் ஓபோன் பண்டிகை முடியும் நாள். வந்துபோன ஆவிகளை வழியனுப்பக் கத்திரிக்காயில் நான்கு குச்சி செருகி மாடாக்கி வைப்போம், அதில் ஏறித்தான் அவர்கள் திரும்புவார்கள். சுமியேவுக்குக் குச்சி செருகக் கை வரவில்லை.

"இது மேல ஏத்தி அனுப்பணுமாம். இதுக்குள்ள கிடந்துதானே செத்தான்!"

அப்போது தெருவில் ஆரவாரம். "நாசுமாரு வந்துட்டான்! பொழச்சிட்டான்!" அதே உடை, உள்ளே வேறொரு தாயின் பிள்ளை. வாசலுக்கு வந்த சுமியேவைப் பார்த்து அது கட்டிக்கொள்ளக் கை விரித்தது.

அவர் என்ன செய்தார் என்று நான் எழுதப் போவதில்லை. கூட்டத்தில் நீங்களும் நிற்கிறீர்கள். அவர் மகன் பெயர் உங்களுக்குத் தெரியும். சொல்லிப் பாருங்கள். இந்த ஆரவாரத்தில் யாருக்கும் கேட்காது.