இருபது அடி சுஜீவன்

அச்சுவேலிச் சந்தியில் வாழ்த்துப் பதாகை அடிக்கிற கடை என்னுடையது. பிள்ளை பரீட்சையில் ஒன்பது ஏ எடுத்தாலும் பதாகை, வயதுக்கு வந்து பெரிய பிள்ளையானாலும் பதாகை. இந்த ஊரில் பத்து அடிக்குக் குறைந்த சந்தோஷத்தை ஒருவரும் மதிப்பதில்லை. என் பிழைப்பு அதனால்தான் ஓடுகிறது, பொய் சொல்லக்கூடாது.

போன மாதம் தேவராசா அண்ணை வந்தார். அரசாங்கக் கந்தோரில் இருபத்தெட்டு வருடம் கோப்பு நகர்த்தி ஓய்வுபெற்றவர். அவர் மகள் வினோஜாவுக்குச் சட்டம் படிக்க இங்கிலாந்தில் இரண்டு பல்கலைக்கழகங்கள் இடம் கொடுத்திருந்தன. ஒன்று லண்டனில். பெயரைச் சொன்னால் மீன்காரனும் வாயைப் பிளப்பான்; முழுக் காசும் வீட்டார்தான் கட்ட வேண்டும். மற்றது எங்கோ ஒரு குளிர் ஊரில், பெயர் ஒருவருக்கும் தெரியாது. ஆனால் படிப்புக்கும் தங்கவும் முழுப் புலமைப்பரிசில். வினோஜா அங்கேதான் போவேன் என்று நின்றாள். இவரோ லண்டன் பதாகைக்கு அளவு சொல்ல வந்திருந்தார். காசுக்கு மனைவி பத்மாவதியின் சீதனக் காணி, பன்னிரண்டு பரப்பு, வெள்ளிக்கிழமை விற்று உறுதி எழுதுகிறதாம். பத்மாவதி அதில் வெங்காயம் வைத்துத்தான் அந்த வீட்டுக் குசினியில் அடுப்புப் புகைகிறது.

புலமைப்பரிசிலை ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டேன். சும்மா தருகிறார்கள் என்றால் அங்கே சேர ஆளில்லை என்றுதானே அர்த்தம் என்றார். ஓசியில் படிக்கிற பிள்ளை என்று ஊர் கதைக்குமாம். ஓசியில் கிடைத்த மூளையை இவர் என்ன செய்வார் என்று கேட்க நாக்கு நுனிவரை வந்தது. வாடிக்கையாளர், அடக்கிக்கொண்டேன்.

"நாகலிங்கம், உங்கடை சுஜீவன்ரை பனர் மாதிரி இருக்கோணும்," என்றார்.

சுஜீவன் என் மகன். ஐந்து வருடத்துக்கு முன் சட்டம் படிக்க லண்டன் போனான். அவனுடைய இருபது அடிப் பதாகை இன்னும் என் கடை வாசலில்தான் நிற்கிறது. முகம் வெயிலில் வெளிறினால் புதிதாக அடித்து மாட்டுவேன். போனவன் ஒருமுறையும் ஊருக்கு வரவில்லை. லீவு இல்லை என்பான்.

புதன்கிழமை பதாகையின் மாதிரி பார்க்க மகளையும் கூட்டி வந்தார். அவள் கணினிப் பக்கம் திரும்பவே இல்லை.

"மாமா, சுஜீவன் அண்ணை இப்ப என்ன செய்யிறார்?"

சட்டத் துறையில்தான் என்றேன். மூன்று வருடமாகக் கைவசம் இருக்கிற பதில். எந்த நீதிமன்றத்தில் என்று கேட்டாள். தேவராசா அண்ணை அதட்டினார். எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. முளைக்க முன்னம் என்னை விசாரிக்கிறாள்!

"அம்மான்ரை காணி வெள்ளிக்கிழமை போகுது மாமா. அதுதான் கேக்கிறன்."

அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ரெண்டாம் வருஷத்தோடை விட்டிட்டான் பிள்ளை. மிச்சக் காசு கட்ட என்னட்டை விக்கக் காணி இருக்கேல்லை. ஒரு ஸ்டோரிலை பெட்டி தூக்கிறான்."

தேவராசா அண்ணை கதிரையில் இருந்துவிட்டார். அப்படியானால் வாசலில் நிற்கிற பனர் என்ன என்று கேட்டார்.

"பனர் அடிக்கப் படிச்சு முடிக்கத் தேவையில்லை அண்ணை."

வெள்ளிக்கிழமை உறுதி எழுதப்படவில்லை. சனிக்கிழமை மனிதர் திரும்பி வந்தார். குளிர் ஊர்ப் பல்கலைக்கழகத்தின் பெயரைச் சின்னதாகப் போடச் சொன்னார். 'இரண்டரைக் கோடி ரூபா பெறுமதியான புலமைப்பரிசில்' என்பது மட்டும் சிவப்பில், பஸ்ஸில் போகிறவனுக்கும் தெரிய வேண்டுமாம். அளவில் ஒரு அடிகூடக் குறைக்கச் சம்மதிக்கவில்லை.

இருபது அடிச் சட்டகம் என்னிடம் ஒன்றுதான் இருந்தது. சுஜீவனை அதிலிருந்து கழற்றிச் சுருட்டி வைத்துவிட்டு அவனுக்குப் போன் எடுத்தேன். பனரைக் கழற்றிவிட்டேன் என்று சொன்னேன்.

"அப்ப நான் இனி வீட்டை வரலாமோ, அப்பா?" என்று கேட்டான்.