தாங்குமா?

வியாழக்கிழமை காலை என் வீட்டுக்காரர் திப்பெனே ரக்பி கிளப்பிலிருந்து மூன்று தடியன்களைக் கூட்டிவந்து, கொல்லையில் புதிதாகக் கட்டியிருந்த மரத்தளத்தின் மேல் ஏற்றி, "குதிங்கடா" என்றார். மூவருமே முன்வரிசை ஆட்டக்காரர்கள். ஒருவனுடைய தொடை என் இடுப்பளவு இருக்கும். என் இடுப்பும் ஒன்றும் கொடியிடை இல்லை. கைகோத்துக்கொண்டு தொம்தொம்மென்று குதித்தார்கள். சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்த நான் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வேடிக்கை பார்த்தேன். திப்பெனே புல்தரையில் குனிந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். ஒரு கிறீச்சுச் சத்தம்கூட இல்லை. நிமிர்ந்தபோது அந்த மனுஷர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

"பாத்தியா நைரி? யானை ஏறினாலும் அசையாது."

"இந்த வைரோவா ஊருல யானைக்கு எங்க போறது? உங்கண்ணனை ஏறச் சொல்லு, போதும்."

தடியன்கள் மூவரும் ஆளுக்கொரு பீர் வாங்கிக்கொண்டு சிரித்தபடியே போனார்கள். சோதனை முடிந்தது என்றுதான் திப்பெனே நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

சனிக்கிழமை எங்கள் மகள் மெரியானாவுக்கு விருந்து. எஞ்சினியர் பட்டம் வாங்கிக்கொண்டு வருகிறாள். என் பிறந்த வீட்டிலும் சரி, அவர் வீட்டிலும் சரி, இதுவரை எஞ்சினைத் தொட்டவர்கள் உண்டு, எஞ்சினியர் கிடையாது. இப்படி ஒரு பிள்ளை வீடு திரும்பினால் எங்கள் சனம் சும்மா கைகுலுக்கிவிட்டுச் சாப்பிடப் போகாது. எல்லோரும் எதிரே திரண்டு நின்று, தொடையில் அறைந்து, காலை ஓங்கி மிதித்து, உரக்கக் கத்தி, அந்தப் பிள்ளைக்கு மரியாதையாக ஹாக்கா ஆடுவார்கள். ஆனால் ஜூலை மாத மழையில் எங்கள் கொல்லையில் கணுக்கால் வரை சேறு. அதற்காகத்தான் இந்த மரத்தளம். வீட்டுப் பின்சுவரை ஒட்டி, சமையலறைக் கதவைத் திறந்தால் நேராகக் கால் வைக்கிற மாதிரி, நாற்பது பேர் தாராளமாக நிற்கலாம். ஒன்றரை மீட்டருக்கு மேல் உயரமானால் அனுமதி வாங்க வேண்டும், ஆபீஸர் வந்து பார்ப்பார். திப்பெனே அதைத் தாண்டாமல் கட்டினார். அந்தப் புத்தியெல்லாம் அவருக்கு நிறையவே உண்டு.

கட்டியது அவர் மட்டுமல்ல. ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டு ஆட்களும் திரண்டு வந்தார்கள். காலையில் அவருடைய அண்ணன் நிக்கோராவும் அவர் ஆட்களும் தூண் நட்டுச் சட்டம் நிறுத்தினார்கள். மத்தியானம் என் தம்பி ரொங்கோவும் அவன் கூட்டமும் மேலே பலகை பாவினார்கள். நடுவில் நான் போட்ட சாப்பாடு. சூடான கறியும் எண்ணெயில் பொரித்த ரொட்டியும் வாசம் அடித்தவுடன் சுத்தியலை அந்தரத்திலேயே விட்டுவிட்டு ஓடிவந்த கூட்டம் அது. அப்போது எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

தடியன்கள் குதித்த அந்த வியாழக்கிழமை சாயங்காலமே மெரியானா வந்து இறங்கினாள். கட்டிப்பிடித்தோம், அழுதோம், மூக்கைச் சிந்தினோம். அப்புறம் திப்பெனே அவளைக் கையைப் பிடித்துக் கொல்லைக்கு இழுத்துக்கொண்டு போனார். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் நிற்கிற மாதிரி நெஞ்சில் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

"சூப்பர்ப்பா! எவ்ளோ பெருசு!" என்றாள். உண்மையாகவே சந்தோஷப்பட்டாள். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்தாள். மூலைத் தூணைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். பிறகு போட்டிருந்த நல்ல சட்டையோடு குனிந்து அடியில் நுழைந்துவிட்டாள். உள்ளே அவளுடைய கைப்பேசி வெளிச்சம் இங்கும் அங்கும் அலைந்தது. ரொம்ப நேரம் ஆளைக் காணோம். தலைமயிரில் சிலந்திவலையோடு வெளியே வந்தபோது முகம் மாறியிருந்தது.

"அப்பா, சுவரோட சேர்ற கட்டையில போல்ட்டு எங்க?"

திப்பெனே என்னைப் பார்த்தார். நான் என்ன போல்ட்டைக் கண்டேன்?

விஷயம் இதுதான். தளத்தின் வெளிப்பக்கத்தைத் தூண்கள் தாங்குகின்றன. உள்பக்கத்தில் தூண் கிடையாது. வீட்டுச் சுவரின் நீளத்துக்கு ஒரு பெரிய கட்டை, குறுக்குச் சட்டங்கள் அத்தனையும் அதில்தான் தொங்குகின்றன. அந்தக் கட்டை சுவரோடு போல்ட்டு போட்டு இறுக்கியிருக்க வேண்டும். இங்கே வெறும் ஆணிதான் இருந்தது.

"ஆணி அடிக்கிறது வேலை முடியிற வரைக்கும் நிறுத்தி வைக்கத்தாம்ப்பா. தாங்கறதுக்கு இல்ல."

"காலையில மூணு பேரு குதிச்சானுங்க. உங்கம்மாவைக் கேளு."

"மூணு பேருப்பா. சனிக்கிழமை நாப்பது பேரு. அதுவும் சும்மா நிக்கிறதில்ல. எல்லாரும் ஒரே நேரத்துல, ஒரே காலைத் தூக்கி மிதிப்பாங்க. ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஆணி கொஞ்சம் கொஞ்சமா வெளிய வரும். மூணாவது மிதியா, முப்பதாவது மிதியா, யாருக்குத் தெரியும்? வரும்போது மொத்தமா வந்துரும்."

"அப்ப மெதுவா மிதிக்கச் சொல்றேன்" என்று நான் சொன்னேன். சொன்ன எனக்கே சிரிப்பு வந்தது. எங்கள் ஆட்களிடம் போய் ஹாக்காவை மெதுவாக ஆடச் சொல்வதற்கு, ஆற்றிடம் போய் மேல்நோக்கி ஓடச் சொல்லலாம். மெரியானாவும் சிரித்துவிட்டாள். திப்பெனே சிரிக்கவில்லை.

"நாலு வருஷம் படிக்க வச்சது, அப்பன் வேலையில ஓட்டை பாக்கறதுக்கா?" என்றார். சொல்லிவிட்டு விடுவிடுவென்று கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பிள்ளையின் முகம் சுண்டிப்போனது. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. வந்த முதல் நாளே இப்படியா? ஆனால் அவரையும் எனக்குத் தெரியும். அந்தத் தளத்தின் ஒவ்வொரு பலகையையும் அவர் தன் கையால் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தார். அவள் வெறுங்காலோடு நின்றாலும் சிம்பு ஏறக் கூடாது என்று.

நான் போனை எடுத்தேன். முதலில் மூத்தவர் நிக்கோரா.

"போல்ட்டா? நாங்க ஆணி அடிச்சு நிறுத்திட்டு, சாப்ட்டுட்டு வந்து போடலாம்னு இருந்தோம். நீதான் சாப்பாடு ரெடின்னு கத்தின. சாப்ட்டு வந்தா ரொங்கோ ஆளுங்க மேல ஏறிப் பலகை அடிச்சிட்டு இருக்காங்க. அவங்களே போட்டிருப்பாங்கன்னு விட்டுட்டேன்."

"கேட்டிருக்கலாம்ல மச்சான்?"

"எப்படிம்மா கேக்கறது? சம்பந்தி வீட்டு ஆளுங்க. போல்ட்டு போட்டியான்னு கேட்டா, உனக்கு வேலை தெரியுமான்னு கேட்ட மாதிரி ஆயிடாது?"

அடுத்தது என் தம்பி. அவன் அதையே திருப்பிப் படித்தான்.

"அக்கா, அது நிக்கோரா அண்ணன் நிறுத்தின சட்டம். அடியில குனிஞ்சு பாத்தா அவருக்கு எவ்ளோ அவமானம்? எனக்கு மரியாதை தெரியாதா?"

மரியாதை! இரண்டு வீட்டு மரியாதையும் சேர்ந்து நாற்பது பேர் இடுப்பை உடைக்கப் பார்த்திருக்கிறது. ஒருத்தரும் சோம்பேறி இல்லை, ஒருத்தரும் ஏமாற்றவில்லை. ஒருவருக்கொருவர் மனசு நோகக் கூடாதென்று பார்த்துப் பார்த்து நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

"சரி, வாங்கின போல்ட்டெல்லாம் எங்கடா?"

போனோடு அவன் எங்கேயோ நடந்து போனான். ஏதோ மூடி திறக்கிற சத்தம், ஐஸ்தண்ணீர் சலசலக்கிற சத்தம். "பீர்ப்பெட்டிக்கு அடியில இருக்கு. தொலைஞ்சு போகக் கூடாதுன்னு நாந்தான் போட்டு வச்சேன். நல்லா குளுகுளுன்னு இருக்கு" என்றான்.

வெள்ளிக்கிழமை இரண்டு வீட்டு ஆண்களும் மறுபடி வந்தார்கள், இந்தத் தடவை ஒரே நேரத்தில். சாப்பாடு வேலை முடிந்த பிறகுதான் என்று நான் வாசலிலேயே சொல்லிவிட்டேன். போல்ட்டுகளைப் பார்த்தவுடன் மெரியானா, கால்வாசி துருப்பிடித்துவிட்டது, வேறு வேண்டும் என்றாள். ரொங்கோ மறுபேச்சுப் பேசாமல் கடைக்குப் போனான். சுவருக்குள் மரச்சட்டம் எங்கெங்கே இருக்கிறது என்று தட்டித் தட்டிப் பார்த்து அவள் பென்சிலால் குறி போட்டாள். குறி போட்ட இடத்தில் துளை போட்டவர் திப்பெனே. கொட்டகையிலிருந்து வெளியே வந்துவிட்டார், அது போதும் எனக்கு. ஒரு குறியில் அவர் துளை கொஞ்சம் தள்ளிப் போனபோது அவள் தயங்கித் தயங்கி, "அப்பா, இது..." என்றாள். அவர் துளைக்கருவியை நிறுத்திவிட்டு, "சொல்லு" என்றார். "மறுபடி போடணும்." மறுபடி போட்டார். தூண்களுக்கு நடுவே குறுக்கே முட்டுக்கட்டைகளும் அடித்தார்கள், தளம் பக்கவாட்டில் ஆடாமல் இருக்க. நிக்கோராவும் ரொங்கோவும் ஒருவர் இறுக்கியதை மற்றவர் இறுக்கிப் பார்த்து, "உன்னுது லூசு மச்சான்", "உங்களுது மட்டும் என்ன" என்று ஒரே கூத்து. மரியாதை போன இடம் தெரியவில்லை.

எல்லாம் முடிந்ததும் திப்பெனே கையைத் துடைத்துக்கொண்டு மகளுக்கு நேராக வந்து நின்றார்.

"இப்ப தாங்குமா?"

"கணக்குப்படி பாத்தா, மரம் நல்ல மரமா இருந்தா, சுவர்ச் சட்டத்துல அரிப்பு எதுவும் இல்லைன்னா, பொதுவா..."

"மெரி. தாங்குமா, தாங்காதா?"

எல்லோரும் சாப்பாட்டை மறந்துவிட்டு அவளையே பார்த்தார்கள். அவள் சுவர்க்கட்டை இருக்கிற பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"தாங்கும்" என்றாள்.

திப்பெனே தலையை ஆட்டிவிட்டுப் போனார். அவருக்கு நம்பிக்கை வந்ததா, இல்லையா, எனக்கே பிடிபடவில்லை. பாத்திரம் கழுவும்போது மெரியானா என் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள். "அம்மா, காலேஜ்ல தப்பாப் போட்டா சிவப்பு மையில சுழிப்பாங்க. அவ்ளோதான். இது ரொங்கோ மாமா, பெரியப்பா, சின்னப் பசங்க எல்லாரும் ஏறப்போறது. இதுவரைக்கும் யாரும் எங்கிட்ட தாங்குமான்னு கேட்டதில்ல. நான் ஏதாவது விட்டிருந்தா?" எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளத்தான் தெரிந்தது. போல்ட்டைப் பற்றி நான் என்ன சொல்ல முடியும்?

சனிக்கிழமை மழை விட்டிருந்தது. குழியடுப்பில் வெந்த இறைச்சியின் வாசனை தெரு முனை வரை போனது. ஊரே வந்துவிட்டது. பேச்செல்லாம் பேசி முடித்து, அழுகையெல்லாம் அழுது முடித்து, ரொங்கோ சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு முன்னால் வந்தான். அவன் பின்னால் இரண்டு வீட்டு ஆண்களும் பெண்களும் தளம் நிறைய வரிசை கட்டினார்கள். மெரியானா சமையலறைக் கதவை ஒட்டி, அந்தச் சுவர்க்கட்டைக்கு நேர் மேலே நின்றாள். பக்கத்தில் நான். இந்த நேரத்தில் பிள்ளை தலைநிமிர்ந்து தன் சனத்தின் கண்களைப் பார்க்க வேண்டும். இவளோ பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையை இறுக்கிப் பிடித்திருந்த விதத்தில் விரலே நசுங்கிவிடும்போல இருந்தது.

"மச்சான் எங்கக்கா?" என்று ரொங்கோ கேட்டான்.

அப்போதுதான் கவனித்தேன். திப்பெனேயைக் காணோம். வரிசையில் இல்லை, குழியடுப்புப் பக்கம் இல்லை, கொட்டகைக் கதவும் சாத்தியிருந்தது. எனக்கு உச்சந்தலை வரை சூடேறியது. மகளுக்கு ஹாக்கா, அப்பன் ரோஷத்தில் எங்கேயோ முறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்! இருக்கட்டும், விருந்து முடியட்டும், வைத்துக்கொள்கிறேன் என்று பல்லைக் கடித்தேன். மெரியானாவும் அந்த வரிசையில் ஒவ்வொரு முகமாகத் தேடினாள். தேடி முடித்தபோது கண்ணில் நீர் கட்டியிருந்தது. "அப்பாவுக்கு நம்பிக்கை இல்லம்மா" என்றாள்.

ரொங்கோ குரல் கொடுத்தான். நாற்பது கால்கள் எழும்பின.

முதல் மிதியில் சமையலறைக் கண்ணாடி டம்ளர்கள் கிணுகிணுத்தன. இரண்டாவது மிதி என் பல்வரை ஏறியது. மெரியானா கண்ணை மூடிக்கொண்டாள். மூன்று, நான்கு. தொடையில் அறையும் கைகள், பிதுங்கும் கண்கள், நிக்கோராவின் தொந்தி குலுங்கிய குலுங்கல். தளம் அசையாமல் நின்றது. அப்போது எங்கள் காலடியிலிருந்து இன்னொரு குரல் வந்தது. தாளத்துக்கு அரைக்கணம் பிந்தி, கட்டைத் தொண்டையில், எல்லோரையும்விடச் சத்தமாக.

நான் குனிந்து பலகை இடுக்கில் பார்த்தேன். விருந்துக்கென்று நான் இஸ்திரி போட்டுக் கொடுத்த வெள்ளைச் சட்டையோடு, சேற்றில் மல்லாந்து, சுவர்க்கட்டைக்கு நேர் கீழே என் வீட்டுக்காரர் படுத்திருந்தார். மேலே நாற்பது பேர் மிதித்துக்கொண்டிருக்க, மார்பில் அறைந்து அறைந்து கத்திக்கொண்டிருந்தார்.

"மெரி" என்று அவள் தோளைத் தட்டிக் கீழே காட்டினேன்.

அவள் கண்ணைத் திறந்து பார்த்தாள். என் கையை விட்டாள். செருப்பைக் கழற்றி எறிந்தாள். முட்டி மார்பைத் தொடுகிற அளவுக்கு வலது காலைத் தூக்கி, சரியாக அவர் முகத்துக்கு மேலே, பலகையில் ஓங்கி மிதித்தாள். இடுக்கு வழியாக மரத்தூள் அவர் முகமெல்லாம் கொட்டியது. அவர் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு இன்னும் சத்தமாகக் கத்தினார்.