வலது கை மை

அனீஸ் என் வீட்டுச் சோற்றைத் தொட்டு ஆறு மாதம் ஆகிவிட்டது. கூடப் பிறந்தவன் இதே கணபதி ஏரியாவிலேயே இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு மெஸ்ஸில் சாப்பிட்டால் எந்த அக்காவுக்கு வயிறு எரியாது?

எல்லாம் ஓட்டால் வந்த சண்டை. என் வீட்டுக்காரர் நசுருதீன் கட்சிக்காரர். சட்டசபையில் நமக்காகப் பேச நாலு பேர் வேண்டும், அதற்கு ஓட்டுதான் வழி என்பார். தம்பி அனீஸ் ஒரு மார்க்க வாசிப்பு வட்டத்தில் சேர்ந்து தடித்தடிப் புத்தகங்களாகப் படித்தவன். சட்டம் போடும் உரிமை அல்லாஹ்வுக்கு மட்டுமே, ஓட்டுப் போடுவது அதை மனிதனுக்குத் தூக்கிக் கொடுப்பது என்பான். என் கொழுந்தன் ரிஃபத் ஊர் ஊராகப் போய்த் தொழுகைக்கு அழைக்கும் நாற்பது நாள் ஜமாஅத்துக்குப் போய்வருபவர். "மொதல்ல ரெண்டு பேரும் விடிகாலை சுபுஹுத் தொழுகைக்கு எந்திரிங்க, அப்புறம் நாட்டை ஆளலாம்" என்பார். மூன்று பேருக்கும் டீ போட்டவள் நான். என் கருத்தை ஒருவரும் கேட்டதில்லை.

ஒருநாள் பேச்சு முற்றிப்போய், "ஓட்டுப் போடாதவன் என் ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்று இவர் சொல்லிவிட்டார். "ஓட்டுக் கேக்கறவரு ஊட்ல நான் சோறு திங்க மாட்டேன்" என்று அவனும் எழுந்து போய்விட்டான்.

தேர்தல் அன்று இவர் விடியும்முன்பே பூத் ஏஜென்டாகப் போய்விட்டார். நானும் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து கறிக்குழம்பு வைத்தேன். தம்பிக்குப் பிடித்த குழம்பு. இனி அவன் வரவே மாட்டானோ என்று பயமாக இருந்தது.

மஃரிபுத் தொழுகை முடிந்து வெகுநேரம் கழித்து இவர் வந்தார். பின்னால் அனீஸ்.

"சோறு போடு அம்மணி" என்றார் இவர்.

இருவருக்கும் பரிமாறினேன். அனீஸ் சோற்றைப் பிசைந்தபோது ஆள்காட்டி விரலில் மை தெரிந்தது.

"அடேய், ஓட்டுப் போட்டுட்டியா!"

"எந்தக் கைன்னு பாருக்கா."

இடது விரல் வெறுமையாக இருந்தது. எனக்கு இடது கையில்தானே வைத்தார்கள்?

"மாவு மில்லு ராசாத்தாக்காவுக்குச் சக்கரையில ரெண்டு கண்ணும் போயிருச்சல்ல? மக திருப்பூர்ல இருந்து வர முடியல. 'கண்ணு, கூட வந்து அமுத்தி உடுறயா'ன்னு கேட்டாங்க. தொணைக்குப் போறவனுக்கு வலது கையில வெக்கறாங்க. என் ஓட்டை நான் போடல."

"உன் பொஸ்தகம் ஒத்துக்குதா?"

"தெரியலக்கா. கண்ணு தெரியாதவங்க கேட்டா எப்படி மாட்டேங்கறது? நாளைக்குத் தொழுகையில அல்லாஹ் ஒருத்தன்தான்னு இந்த வெரலத்தான் நீட்டணும். வட்டத்துல எல்லாரும் பாப்பாங்க. பாத்தாப் பாக்கட்டும்."

"இவன் அந்தக்காவக் கைபுடிச்சு பூத்துக்குள்ள கூட்டிட்டு வந்தான், அதான் வேலை முடிஞ்சதும் நானே போயி இவனச் சாப்பிடக் கூட்டிட்டு வந்தேன்" என்றார் இவர். பிறகு குரலைத் தாழ்த்தினார். "ஏன் மாப்ள, அந்தக்கா எங்க சின்னத்துக்குத்தான போட்டாங்க?"

"அது அமானிதம் மச்சான், என்னை நம்பி ஒப்படைச்சது. வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன்."

இவர் அவனையே முறைத்தார். அப்புறம் சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது. அனீஸ்தான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தான்.

இருவரும் கருத்தில் ஒரு அங்குலம்கூட நகரவில்லை. அடுத்த தேர்தலுக்கும் சண்டை போடுவார்கள், நானும் டீ போடுவேன். வலது கை மை ஓட்டில் சேர்த்தியா இல்லையா என்று அவர்களே பேசி முடிவு செய்துகொள்ளட்டும். அந்தக் கையால்தான் என் தம்பி இரண்டாம் தடவையும் சோறு வாங்கித் தின்றான்.