துரைக்குப் பரீட்சை

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் என் கொழுந்தன் சொல்லுவான், அவன் சொன்னால் அந்தக் ‘கொஞ்சம்’ இருக்காது.

எங்களுக்குச் சலவைத் தொழில். முன்னால் கடை, நடுவில் இயந்திரங்கள், பின்னால் கொடி கட்டிய முற்றம், முற்றத்தின் மூலையில் லாயம். துவைத்த விரிப்புகளை விடுதிகளுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கொண்டுபோகிற வண்டியை இழுப்பது எங்கள் செவலைக் குதிரை. ஓட்டுவது கொழுந்தன். இஸ்திரி என் வீட்டுக்காரர். அவர் ஒரு நாள் முழுக்கப் பேசுவதை ஒரு கைக்குட்டையில் முடிந்துவிடலாம். மீதிப் பேச்சு என் பொறுப்பு.

செவலை குட்டி போட்டது. நெற்றியில் வெள்ளை, உடம்புக்குப் பொருந்தாத நீளக் கால்கள், எதைக் கண்டாலும் பயம். வாளி உருண்டால் பயம், ஈரத் துணியை உதறினால் பயம், தன் வால் தன் மேலேயே பட்டாலும் பயம். ஆனால் பால் மட்டும் நேரத்துக்கு வேண்டும், படுக்க வைக்கோல் புதிதாக வேண்டும். நான் அவனுக்குத் துரை என்று பெயர் வைத்தேன்.

செவலை குட்டியை விட்டு ஒரு அடி நகரமாட்டேன் என்றது. துரையையும் கூடவே தெருவில் நடத்திப் போகலாம், ஆனால் அதற்கு நகராட்சி அனுமதிச் சீட்டு வேண்டும். பரிசோதகர் வந்து பார்ப்பார். குட்டி மிரளாமல் நடந்தால் சீட்டு. மிரண்டால், பால் மறந்ததும் அவன் ஊருக்கு வெளியே ஏதாவது பண்ணைக்குப் போக வேண்டியதுதான். கொழுந்தன் ஒரு பண்ணைக்காரரிடம் பேசியும் வைத்துவிட்டான். “போனாப் போகட்டும், ஒரு தொல்லை விட்டது” என்று சொன்னேன். சொன்னது வாய்தான். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

ஆறு வாரம் பழக்கினோம். பழக்கியது கொழுந்தன், நான் அதே முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். அவனுடைய முறை எளிது. இழுக்கக் கூடாது, தள்ளக் கூடாது. புதுப் பொருளைத் தூரத்தில் வைத்துவிட்டுச் சும்மா நிற்க வேண்டும். துரை பின்வாங்கினால் விட்டுவிட வேண்டும். அவனாக வந்து மோந்து பார்த்தால் பிடரியின் அடியில் சொறிந்துவிட வேண்டும். சொறிந்தால் துரையின் மேலுதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போகும். அந்த மூஞ்சியைப் பார்த்தால் கடன்காரனுக்குக்கூடச் சிரிப்பு வந்துவிடும்.

கொடியில் ஆடும் விரிப்புகளுக்கு நான்கு நாள் ஆனது. இஸ்திரிப் பெட்டியின் ஆவிச் சீறலுக்கு ஒரு வாரம். என் வீட்டுக்காரர் பெட்டியோடு சன்னலருகில் வந்து நின்று, “உஸ்” என்று அதையும் பேசவைத்தார். பிறகு சைக்கிள் மணி, தகரத் தட்டு, தார்ப்பாய். குடைக்கு மூன்றே நாள். நான்காம் நாள் என் புதுக் குடையைக் கடித்துக் கம்பியை வளைத்துவிட்டான். இவ்வளவு நேரமும் நான் சும்மா இருந்தேனா? கையில் துணி, வாயில் திட்டு. போர்வையைக் கண்டு ஓடுகிற வீராதி வீரா என்பேன், உனக்கெல்லாம் நாலு கால் ஒரு கேடா என்பேன். அது எனக்கு மூச்சு விடுகிற மாதிரி.

பரீட்சைக்கு முதல் நாள் கொழுந்தன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான்.

“அண்ணி, நாளைக்கு ஒரு நாள் மட்டும் வாயைத் திறக்காதீங்க. உங்க சத்தத்துல அவன் மிரண்டுட்டா எல்லாம் பாழாயிடும்.”

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் துரைக்காக ஒத்துக்கொண்டேன்.

பரிசோதகர் ஒரு குள்ளமான அம்மாள். கையில் அட்டை, அட்டையில் பேனா, முகத்தில் ஒன்றும் இல்லை. வாசல் கதவிலிருந்து தெருமுனைத் தபால் பெட்டி வரை போய்த் திரும்பினால் போதும் என்றார். கொழுந்தன் செவலையைப் பிடித்துக்கொண்டான். நான் உதட்டைக் கடித்துக்கொண்டு பின்னால் நின்றேன்.

அம்மாள் குடையை விரித்தார். குடையைத் தின்றவன், அதுவரை குடையையே பார்க்காதவன் போலத் துள்ளி அம்மாக்காரியின் பின்னால் ஒளிந்தான். சைக்கிள் மணி அடித்தது. அவனுக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கதவுக்கு வெளியே ஒரு குளம்பு வைக்கவில்லை. கொழுந்தன் முகம் வெளுத்துவிட்டது. அம்மாள் பேனா மூடியைக் கழற்றினார்.

அப்போதுதான் துரையின் காதுகளைக் கவனித்தேன். குடை முன்னால், மணி இடப்பக்கம். காதுகள் இரண்டும் பின்னால் திரும்பி என் பக்கமே இருந்தன. ஆறு வாரத்தில் அவன் கண்ட ஒவ்வொரு புதுப் பொருளோடும் என் திட்டும் சேர்ந்தே வந்திருக்கிறது. நான் திட்டிக்கொண்டிருந்தால் உலகம் சரியாக இருக்கிறது. இன்றைக்கு நான் ஊமையாகிவிட்டேன். குழந்தை பயப்படாமல் என்ன செய்வான்?

“ஏண்டா,” என்றேன். “குடையைப் பாத்தா நடுங்குற? என் புதுக் குடையைக் கடிச்சுத் துப்பினது யாரு, உங்கப்பனா? இப்ப மட்டும் யோக்கியன் மாதிரி ஒளியுறியா? நட. நான் இங்கதான இருக்கேன், நடடா.”

கொழுந்தன் கண்ணை மூடிக்கொண்டான். துரை ஒரு பெருமூச்சு விட்டான், தலையைத் தாழ்த்தினான், ஏதோ தன் வீட்டுத் தெரு என்பது போல வெளியே நடந்தான். தபால் பெட்டி வரை என் வாய் ஓயவில்லை. வழியில் ஒரு மோட்டார் சைக்கிள் படபடவென்று போனது. துரை ஒரு காதை மட்டும் அசைத்தான். திரும்பி வரும்போது அந்தக் குடையின் நுனியை மோந்து பார்த்து, பல்லை நீட்டினான்.

பரிசோதகர் அம்மாள் கொழுந்தனைக் கேட்டார். “இவங்க எப்பவும் இப்படித்தானா?”

“பொழுது விடிஞ்சா பொழுது போனா இப்படித்தாங்க.”

அம்மாள் சிரிக்கவில்லை. எழுதினார். சீட்டைக் கொடுத்தபோது பார்த்தேன், ஒரு நிபந்தனை சேர்த்திருந்தார்: குட்டி தெருவில் செல்லும்போது, பேசிப் பழக்கிய நபர் உடன் நடக்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை வண்டி கிளம்பியது. செவலை, கூடவே துரை, துரையோடு நான். ஆஸ்பத்திரி வளைவில் ஒரு லாரி கிறீச்சென்று பிரேக் போட்டது. துரை ஓடவில்லை. நேராக என்னிடம் வந்து, என் அக்குளுக்குள் மூஞ்சியை நுழைத்துக்கொண்டு நின்றான். மூக்கு சுடச்சுட இருந்தது. இவனைப் போய்ப் போகட்டும் என்று சொன்னேனே, பாவி. என் வாழ்நாளில் முதல் முறையாக எனக்குப் பேச்சு வரவில்லை.

பின்னால் வண்டிகள் வரிசையாக ஹாரன் அடித்தன.

“அண்ணி, ஏதாவது திட்டுங்க,” என்றான் கொழுந்தன் மேலேயிருந்து. “நகர மாட்டேங்குறான்.”

கைக்கு எட்டிய ஒரு தலையணை உறையை உருவிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். ஆஸ்பத்திரிக்குத் தேய்த்து மடித்த உறை, மறுபடி துவைக்க வேண்டும். அதற்கும் சேர்த்துத் திட்ட ஆரம்பித்தேன். துரை நடந்தான்.