ஓரத்தில் மட்டும் வளர்ந்தது

ஆய்வுக்கூடத்தில் அவனுக்கு எக்ஸ்பிரஸ் என்று பெயர். ஆராய்ச்சி மாணவன்தான், ஆனால் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட மாதிரி எப்போதும் அவசரம். அவன் வளர்த்த இரண்டு வகை பாக்டீரியாக்களும் மரபணு மாறிப்போனவை. டிரிப்டோபான் என்கிற அமினோ அமிலத்தைத் தாமாக முழுசாகச் செய்துகொள்ளத் தெரியாது; ஒவ்வொரு வகையும் ஒவ்வொரு கட்டத்தில் நின்றுவிடும். ஊட்டினால் வளரும், இல்லாவிட்டால் பட்டினிதான்.

அந்த அமிலமே சேர்க்காத தட்டில் ஒருநாள் அவை வளர்ந்து நின்றன. வந்ததே கோபம் அவனுக்கு! திங்கட்கிழமைக் கூட்டத்தில், பேராசிரியர் முன்னால், தட்டுக்கு மீடியா என்கிற ஊட்டக் கூழைக் காய்ச்சி ஊற்றும் அக்காவைப் பிடித்துக்கொண்டான்.

"எதையோ கலந்துட்டாங்க சார். மூணு மாச வேலை போச்சு."

பன்னிரண்டு வருஷமாகக் காய்ச்சுகிற அக்கா தட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கலந்திருந்தா முழுக்க வளர்ந்திருக்கணுமே தம்பி. இது நீங்க இழுத்த கோட்டோட ஓரத்துல மட்டும்தானே வளர்ந்திருக்கு?"

"எனக்கே பாடம் எடுக்காதீங்கக்கா!"

எல்லோரும் சிரித்தார்கள். மறுவாரம் அக்காவைப் பாட்டில் கழுவும் அறைக்கு மாற்றிவிட்டார்கள்.

புது ஆள் காய்ச்சிய தட்டிலும் அதே ஓரம் வளர்ந்தபோதுதான் இவன் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். தட்டை மிச்சம் பிடிக்க இரண்டு வகையையும் ஒரே தட்டில் ஒட்டி ஒட்டிக் கோடாகத் தடவியிருந்தான். ஒரு வகை அமிலத்தைப் பாதிவரை செய்து கசியவிட்டதை எடுத்து, மற்றது மீதியைச் செய்துகொண்டிருக்கிறது. கசிவு எட்டிய ஓரம் மட்டும் பிழைத்திருக்கிறது. படித்துப் பரீட்சை எழுதிய சங்கதிதான். பாவி, ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்திருந்தால் போதும்.

கழுவும் அறைக்கு ஓடினான். அக்காவின் விரல்கள் சோப்புத் தண்ணீரில் வெளுத்து வெடித்திருந்தன.

"தப்பு என்னோடதுதான்க்கா. மன்னிச்சிடுங்க."

அக்கா பாட்டிலைக் கீழே வைக்கவில்லை. "அன்னைக்கு எத்தனை பேர் இருந்தாங்க தம்பி?"

"பத்துப் பேர்."

"இங்க நான் ஒருத்திதானே இருக்கேன்?"

அவமானம் பிடுங்கித் தின்றது. அடுத்த திங்கட்கிழமை அக்காவைக் கூட்டிக்கொண்டு போய், அதே பத்துப் பேர் முன்னால் தட்டைக் காட்டி, ஒன்றுவிடாமல் சொன்னான். யாரும் சிரிக்கவில்லை.

"அக்காவை மறுபடி மீடியா அறைக்கே அனுப்பிடுங்க சார்."

பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "அந்த வேலைக்குத்தான் ஆள் எடுத்தாச்சேப்பா. இப்ப அவரை எங்கே அனுப்பறது?"

அக்கா எழுந்துகொண்டார்.

"பாட்டில் ஊறப் போட்டிருக்கேன் சார், வரேன்."