மாட்டுக்கு எழுதிய ஓய்வு

1941-இல் நான் தருமபுரியில் மாட்டு டாக்டர். தொப்பூர் கணவாய்ச் சாலைக்குக் கல் ஏற்றும் வண்டிக்காரன் மாதையன் ஒருநாள் இடுப்பைப் பிடித்தபடி மாட்டை ஓட்டிக்கொண்டு வந்தான். மாட்டுக்கு ஒன்றுமில்லை. நோய் ஓட்டி வந்தவனுக்குத்தான்.

"பெரியாஸ்பத்திரிக்குப் போனியா?"

"போனனுங்க. எலும்பு முறியல, வேலையப் பாருன்னு சொல்லிட்டாங்க. காண்ட்ராக்டரும் அதையே புடிச்சிக்கிட்டாருங்க. நின்னா வேற ஆள வெச்சிக்குவாராம்."

எலும்பு முறியாதவனெல்லாம் ஆரோக்கியசாலி. என்ன வைத்தியமோ! அடி முதுகில் ஐந்து எலும்புகள் அடுக்கி நிற்கின்றன. அவை சரியாதபடி எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருப்பவை நார்கள். முன்பக்க நார் பின்னால் அதிகம் சாயவிடாது. பின்பக்க நார்கள் முன்னால் அதிகம் குனியவிடா. முழங்காலை மடக்காமல் முழுக்கக் குனிந்து தூக்கினால், தசைகள் நைசாக ஒதுங்கிக்கொள்ளும். பாரம் நார்களின் தலையில் விழும். அப்படித்தான் இவனுக்கு நார் பிய்ந்திருந்தது. ரத்தம் குறைவாக ஓடும் இடம், ஆற நாளாகும். மூன்று வாரமாவது சுமை தூக்காமல் இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் ஆயுசுக்கும் வளைந்த இடுப்புதான்.

ஆனால் மனிதனுக்குச் சீட்டு எழுத எனக்கு அதிகாரமில்லை. மாட்டுக்கு உண்டு. காண்ட்ராக்டர் சின்னக்கண்ணுவுக்கும் மாட்டின்மேல் உயிர். மாடு அவர் வாங்கியது. மாதையன் தானாக வந்தவன்.

வண்டி நின்றால் வண்டிக்காரனும் நிற்பான் அல்லவா? என் மூளையை நானே மெச்சிக்கொண்டு, "வண்டி மாட்டுக்கு இடுப்பு நார் பிசகல், மூன்று வாரம் பாரம் கூடாது" என்று எழுதி முத்திரை குத்தினேன். மாதையன் கும்பிட்டான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

இரண்டு வாரம் கழித்துத் தொப்பூருக்குப் போனேன். புளிய மரத்தடியில் மாடு படுத்துப் பருத்திக்கொட்டை தின்றுகொண்டிருந்தது. வண்டி ஓரமாக நின்றது. மேட்டில் ஒருவன் கல்லை முதுகில் சுமந்து ஏறிக்கொண்டிருந்தான்.

"மாட்டுக்குத்தானுங்களே ஓய்வு எழுதினீங்க," என்றார் சின்னக்கண்ணு. "சாலை வேலை நிக்குமுங்களா? அதான் ஆள வெச்சே சுமக்க வுட்டன்."

கல்லை இறக்கிவிட்டு மாதையன் என்னிடம் வந்தான். இறக்கிய பிறகும் அவன் இடுப்பு நிமிரவில்லை. தரையைப் பார்த்தபடியே சொன்னான்:

"மாடு நல்லா தேறிடுச்சுங்க, டாக்டரய்யா."