நயாசினமைடு, நான்கு சதவீதம்

தென்கொரியாவின் சியோலில் எங்கள் அழகுப்பொருள் நிறுவனத்தில் மாலை விருந்து வாரத்தில் நான்கு நாள். விருப்பப்பட்டவர்கள் வரலாம் என்று சுற்றறிக்கை சொல்லும். வராதவர் எவரையும் நான் பார்த்ததில்லை. டைரக்டர் மேங் எழுந்த பிறகுதான் மற்றவர்கள் எழ முடியும். அவர் லேசில் எழ மாட்டார்.

நான் ஆய்வகத்தில் ஒப்பந்த ஊழியர். முகத்தில் பூசும் புதிய சீரத்தை உருவாக்கியது நான்தான். மேங் முதலில் அதிலுள்ள மருந்தின் அளவைக் கேட்டார்.

"நயாசினமைடு எவ்வளவு போட்டிருக்கே, தாக்?"

"நாலு சதவீதம், சார்."

"எதிர்க் கம்பெனி பத்து போடறான். நீ இருபது போடு."

"எரியும், சார்."

"எரிஞ்சாத்தான் வேலை செய்யுதுன்னு நம்புவாங்க."

நான்கிலேயே நின்றேன். சோதனையில் பலன் தெரிந்தால் எனக்கு நிரந்தர வேலை, தெரியாவிட்டால் மாதக் கடைசியோடு கிளம்பலாம் என்றார்.

ஊழியர்கள் இருபத்து நான்கு பேர் முன்வந்தார்கள். பாதிப் பேருக்குச் சீரம். மீதிப் பேருக்கு அதே மாதிரி பாட்டிலில் மருந்தில்லாத வெறும் திரவம். சீட்டுக் குலுக்கிப் பிரித்தேன். யாருக்கு எது என்பது எனக்கு மட்டுமே தெரியும். எட்டு வாரம். ஏழு மணி நேரத் தூக்கம், பகலில் சன்ஸ்கிரீன், மது கூடாது. அதனால் விருந்துக்கும் விலக்கு. முன்வந்தவர்கள் தோலை நினைத்து வரவில்லை என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

மேங்கும் சேர்ந்துகொண்டார். அவருக்கு மட்டும் விருந்து உண்டு.

நான்காவது வாரம் கன்னங்களில் தோலை அளக்கும் கருவியை வைத்துப் பார்த்தேன். எல்லோரும் மின்னினார்கள். சீரம் பூசியவர்கள் ஒரு மயிரிழை முன்னால். மேங் மட்டும் சிவந்து, திட்டுத்திட்டாக இருந்தார். அவர் பூசியது அசல் சீரம்.

"என்ன இது? ரெண்டு குழுவும் ஒண்ணா நிக்குது."

"நயாசினமைடு மெதுவாத்தான் வேலை செய்யும், சார். தோல்ல ஈரத்தை நிறுத்தும். கரும்புள்ளி மங்க எட்டு வாரமாவது ஆகும். இப்ப தெரியறது தூக்கம்."

"தூக்கத்தைப் பாட்டில்ல அடைச்சு விக்க முடியுமா?"

"முடியாது, சார்."

"அப்ப எதுக்கு அதைக் குடுத்தே? வெறும் பாட்டில்காரங்க பட்டியலை நாளைக்குக் கொண்டா. அவங்க இனிமே விருந்துக்கு வரட்டும்."

"தங்களுக்கு வெறும் பாட்டில்தான்னு தெரிஞ்சிடும், சார்."

"தெரிஞ்சா வருத்தப்படுவாங்க. வருத்தப்பட்டா முகம் வாடும். நல்லதுதானே."

செய்தி எனக்கு முன்னால் மாடி இறங்கிவிட்டது. பேக்கிங் பிரிவு கூ போன்சொல் ஆய்வக வாசலில் நின்றார். ஐம்பதை நெருங்குபவர். இருபத்து நான்கு முகங்களில் அவருடையதுதான் அதிகம் தெளிந்திருந்தது.

"தாக் மேடம், என் பாட்டில் எது?"

"சொல்லக் கூடாது, கூ சார்."

"சரி. சொல்ல வேணாம்." போகவில்லை. "என் பொண்ணுக்கு ஏழு வயசு. முன்னெல்லாம் நான் வீட்டுக்குப் போறப்ப தூங்கிட்டிருப்பா. இப்ப சேர்ந்து சாப்பிடறோம். முதல் வாரமே கேட்டா, அப்பா உனக்கு வேலை போயிடுச்சான்னு."

அவருடையது வெறும் பாட்டில்.

பட்டியலைத் தட்டச்சு செய்தேன். கூவின் பெயரை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மேங்கின் பெயரைப் போட்டேன். கூவுக்கு நல்லது. சோதனையின் எண்களுக்கு நல்லது. எனக்கும் நல்லது. எனக்கும் நல்லது என்பதுதான் உறுத்தியது. திருத்தவில்லை.

மேங் காலையில் படித்தார்.

"எனக்கா வெறும் பாட்டில்?"

"சீட்டுல விழுந்தது, சார்."

கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். முகம் மலர்ந்தது.

"அதானே பார்த்தேன். ஒரு மண்ணும் வேலை செய்யலையேன்னு."

அடுத்த நான்கு வாரமும் பதினோரு பேரை அழைத்துக்கொண்டு பன்றிக்கறி சுடும் கடைக்குப் போனார். சோஜு மதுவை அவரே ஊற்றிக் கொடுத்தார். மறுநாள் அவர்கள் முகம் எப்படி இருக்கிறது என்று என்னிடம் அக்கறையாக விசாரித்தார். கூ ஆறு மணிக்குக் கிளம்பினார்.

எட்டாவது வார முடிவில் இரண்டு குழுக்களுக்கும் நடுவே பெரிய பள்ளம். சீரம் தானாக எவ்வளவு செய்தது என்பது இனி யாருக்கும் தெரியாது. எனக்கும்தான். நிரந்தர வேலைக்கான கடிதத்தில் கையெழுத்திட்டேன்.

விளம்பரத்துக்கு நடிகை வேண்டாம், நிஜ முகம் வேண்டும் என்றார் மேங். அப்படிக் கூவின் கன்னம் வரவேற்பறைச் சுவரில் ஒரு ஆள் உயரத்துக்கு வந்தது. கீழே, 'நான்கு சதவீதம் போதும்.' அந்த நான்கில் ஒரு சொட்டும் அதில் பட்டதில்லை.

மாலை ஆறு மணி. கூ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். மேங் அவர் தோளில் கை போட்டார்.

"எங்கே கிளம்பிட்டீங்க, கூ? இன்னிக்கு வெற்றி விருந்து. உங்க முகத்துக்குத்தான்."

"சோதனைக்கு விருந்து கூடாதே, சார்."

"சோதனை முடிஞ்சு போச்சே. இல்லையா, தாக்?"

கூ என்னைப் பார்த்தார்.

"முடிஞ்சது, சார்," என்றேன்.

கூ சுவரிலிருந்த தன் கன்னத்துக்கு அடியில் ஒதுங்கி நின்று வீட்டுக்குப் போன் செய்தார்.

"நீ சாப்பிட்டுத் தூங்கு, கண்ணு. அப்பா வர நேரமாகும்." எதிர்முனையில் என்னவோ கேட்டிருக்க வேண்டும். "இல்லடா. வேலை போகலை. திரும்பி வந்திடுச்சு."